மேற்குச் சுவரில் ஒரு விளக்கு மாடம்

2024 மே 6, திங்கட்கிழமை. அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். ஐந்தேகாலுக்கு எழுந்தேன். வாசல் தெளிப்பதற்கு முன்பு எங்கள் வீட்டு மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். உள்ளங்கையை வைத்தால், முந்தின நாள் வெயில் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு, கொரோனா காலத்தில் எல்லோர் நெற்றியிலும் காட்டினார்களே, அதே மாதிரி வெப்பம் அளக்கும் துப்பாக்கியால் சுவரின் வெளிப்பக்கம் ஒரு முறை, உள்பக்கம் ஒரு முறை அளந்து டைரியில் எழுதுவேன். அன்று விடியும்போதே உள்சுவர் வெளிச்சுவரைவிடச் சூடாக இருந்தது. காற்று அசையவில்லை. பால் வாங்கினேன், காபி போட்டேன், தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கம்பெனி பஸ் பிடிக்க ஓடும் கணவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். ஒன்பதுக்கு வரைபடங்களோடு உட்கார்ந்தேன். மதியம் மூன்றரைக்குச் செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் ஏறினேன். திங்கட்கிழமைகளில் அந்தப் பட்டுக் கடைக்குப் போவது மூன்று வாரமாக நடப்பதுதான்.

என் வேலை கட்டடங்களின் வெளிப்புறத்தை வடிவமைப்பது. வீடு கட்டுவது வேறு ஆள். அந்த வீட்டின் மேல் வெயில் எப்படி விழ வேண்டும், எங்கே நின்றுவிட வேண்டும் என்று பார்ப்பது நான். உறவுக்காரர்களுக்கு இது விளங்காது. "கட்டடத்துக்குச் சட்டை தைக்கறா" என்று என் நாத்தனார் எல்லோரிடமும் சொல்வாள். நான் மறுத்ததில்லை. சரியாகத்தான் சொல்கிறாள்.

அந்தக் கடை மேற்குப் பார்த்தது. கீழே புடவை காட்டும் கூடம், அதற்கு மேல் இரண்டு தளம் சரக்கு, மூன்றாம் மாடியில் வெளியூரிலிருந்து வந்து தங்கி வேலை செய்யும் ஆறு பெண்கள். போன கோடையில் முதலாளி என்னைக் கூப்பிட்டுவிட்டபோது சொன்னது நினைவிருக்கிறது.

"கரண்டு பில்லக்கூட கட்டிடலாம் மேடம். கஸ்டமரு உக்காரமாட்டேன்றாங்க. முகூர்த்தப் பொடவ எடுக்க வர்றவங்க ரெண்டு மணி நேரமாச்சும் உக்காரணும். பத்து நிமிஷத்துல விசிறிக்கினு எழுந்துக்கினா நான் எதக் காட்டறது?"

ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேற்குச் சுவர் மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை வெயிலைக் குடித்து, மாலை முழுவதும் உள்ளே கக்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் இன்னும் மோசம். அங்கிருந்தவர்களில் மூத்தவர் வந்தவாசிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். கடையில் எல்லோரும் அவரைப் பெரியக்கா என்பார்கள். என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்துக் காட்டினார். "தோசக்கல்லு மேடம். ராத்திரி ஒரு மணிக்கும் ஆறாது. மாவு ஊத்தினா வேகும்."

முன்பக்கம் முழுவதும் கறுப்புக் கண்ணாடி போட்டுவிடலாம் என்பது முதலாளியின் யோசனை. நான் வேண்டாம் என்றேன். இந்த ஊரில் யாரும் முகூர்த்தப் புடவையைக் கடை வெளிச்சத்தில் பார்த்து வாங்குவதில்லை. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்து, அரக்கு அரக்குதானா என்று பார்த்த பிறகுதான் பேச்சு. கறுப்புக் கண்ணாடிக்குள் எல்லா அரக்கும் காப்பிக்கொட்டைதான். அதனால் வாசலை அப்படியே விட்டு, மேலே ஆழமான நிழல் கூரை மட்டும் கொடுத்தேன். மீதிச் சுவருக்கு இரண்டாவது தோல். சுவரின் மேல் தீப்பிடிக்காத ராக்வூல் பஞ்சு, அதற்கு முன்னால் ஒரு கை அகலத்துக்குக் காலி இடம், அதற்கும் முன்னால் வெள்ளை பேனல். காலி இடம் கீழே நடைபாதைக்கு அருகிலும் மேலே மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் திறந்திருக்கும். வெயில் பேனலைச் சுடும். இடையிலுள்ள காற்று சூடாகி மேலே ஏறி வெளியே போகும். கீழிருந்து புதுக் காற்று வரும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. சுவர் தானே மூச்சு விடும்.

ஒரே ஒரு சிக்கல் விளக்கு மாடம். கடை கட்டுவதற்கு முன்பு அங்கே அவர்கள் குடியிருந்த வீடு இருந்ததாம். அந்த வீட்டு முகப்பில் இருந்த மாடத்தை, கடை எழும்பியபோதும் அதே இடத்தில் வைத்துக் கட்டியிருந்தார்கள். முதலாளியின் மனைவி தினமும் அந்தி சாய்ந்ததும் அதில் விளக்கு வைப்பார். அதை மூடக் கூடாது என்றார். நானும் மூடச் சொல்லவில்லை. ஆறு பக்கத்தில் ஐந்தும் அடைத்த கருங்கல் பெட்டியாக வரைந்து கொடுத்தேன். முகம் மட்டும் தெருவுக்கு.

பேனல் வேலை தொடங்கியதும் முதல் இரண்டு வரிசையை நின்று பார்த்தேன். பிறகு வேலூரில் வேறொரு கட்டடம். திரும்பி வந்தபோது சித்திரை பிறந்திருந்தது, கடை பளீரென்று நின்றது. அதன் பிறகு ஒவ்வொரு திங்களும் பிற்பகலில் வந்து அளந்தேன். எல்லாம் நான் கணக்கிட்டபடியே இருந்தது. உள்சுவரில் கை வைத்தால் தண்ணீர்ப் பானையில் வைத்த மாதிரி குளுமை. பெரியக்கா சொன்னார்: "இப்ப போத்திக்கினு தூங்கறோம் மேடம். போத்தறதுக்குப் பொடவ பத்தல, அதான் கொற."

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நான் அங்கே இருந்ததே இல்லை. அன்று இருந்தேன். வெள்ளிக்கிழமை அட்சய திருதியை. வருஷத்தில் கடைக்குப் பெரிய நாள். அதுவரை இரவு பகல் அணையாமல் மாடத்தில் விளக்கு எரிய வேண்டும் என்று முதலாளியம்மா வேண்டிக்கொண்டிருந்தார். திங்கள் மாலை அதை ஏற்றும்போது நானும் இருக்க வேண்டும் என்று போனில் அழைத்திருந்தார்.

தெரு வெறிச்சென்று இருந்தது. தார் இளகி செருப்பு ஒட்டியது. நாய்கள் சாக்கடைப் பலகையின் அடியில் கிடந்தன. அளவுகளை முடித்துவிட்டு வாசலில் நின்றேன். முதலாளியம்மா பெரிய அகலில் நல்லெண்ணெய் ஊற்றி, விரல் பருமனில் திரி போட்டு ஏற்றினார். சுடர் எழுந்தது. எழுந்த உடனே பின்னால் சாய்ந்தது. தெருவின் பக்கம் அல்ல, சுவரின் பக்கம். யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல நீண்டு, நுனி மேலே வளைந்து நின்றது.

"பாத்தீங்களா மேடம்? புது பேனல் வந்ததுலேந்து இப்டித்தான். அம்மனே உள்ள வாங்கிக்கறா" என்றார் அவர். கண்ணில் நீர் இருந்தது.

எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவும் சேர்ந்துகொண்டார். "மூணு வாரமா நானும் பாக்கறேன்மா. காத்து இந்தப் பக்கம் அடிச்சாலும் அதேதான், அந்தப் பக்கம் அடிச்சாலும் அதேதான். ஆளுங்க எண்ணெ வாங்கியாந்து குடுக்கறாங்க."

அன்று எந்தப் பக்கமும் காற்று இல்லை. கட்டியிருந்த பூச்சரம் அசையாமல் தொங்கியது. சுடர் மட்டும் சாய்ந்திருந்தது.

குனிந்து மாடத்துக்குள் பார்த்தேன். மூன்று வாரம் விளக்கு எரிந்த மாடம். கூரையில் கரி இருக்க வேண்டும். இல்லை. முதலாளி என் பின்னால் நின்று பெருமையாகச் சொன்னார்: "ஒரு துளி கரி இல்ல பாருங்க. பழைய சுவத்துல மாசத்துக்கு ஒரு தபா சுண்ணாம்பு அடிக்கணும்." கையை நீட்டி மாடத்தின் கூரையைத் தடவினேன். என் மூன்று விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. விரல்களுக்கு மேலே காற்று ஓடுவது தெரிந்தது.

பேனல் போட்டவர் முசரவாக்கத்துக்காரர். நல்ல கைவேலை தெரிந்தவர். அங்கேயே நின்று போன் செய்தேன்.

"கரி புடிக்கும்னுதான் மேடம்" என்றார் உற்சாகமாக. "வெள்ள பேனலு. மாடத்துக்கு மேல கரி தெரியக்கூடாதுன்னு முதலாளி மொத நாளே சொல்லிட்டாரு. அதான் கூரைல ஓட்டய போட்டு, பொகய பேனலுக்குப் பின்னால உட்டுட்டேன். எப்டி, நம்ம ஐடியா?"

"அந்த எடத்துல பின்னாடி ராக்வூல்தானே இருக்குது?"

"அது ரெண்டு வரிசைக்குதான் வந்துச்சி மேடம். அப்புறம் லோடு வரல. நீங்க வேலூர்ல இருந்தீங்க. தெர்மாகோல் போட்டுட்டோம். அதுவும் சூடு தடுக்குமில்ல?"

"சூடு தடுக்கும். நெருப்பு தாங்காது."

"வெளக்குதான மேடம், அடுப்பா?"

உடனே மண்ணும் செங்கல் துண்டும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். பிறகு படியேறினேன். மூன்றாம் மாடியில் பெண்கள் அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டு ஆளுக்கொரு டம்ளர் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்பக்க ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சந்து விட்டிருந்தது. பூசி அடைக்க வேண்டிய சந்து. அதன் அருகே முகத்தை வைத்தேன். எரிந்த எண்ணெய் வாசனை.

"தெனம் வருது மேடம்" என்றார் பெரியக்கா. "நல்லாத்தான் இருக்குது. கோயிலுக்குள்ள படுத்துக்கினாப்பல."

"ராத்திரி கீழ எறங்கற வழி?"

"எங்க எறங்கறது? ஒம்போதுக்கு ஷட்டர் போட்டா படிக்கட்டு கிரில்லையும் பூட்டிடுவாங்க. சாவி முதலாளி வூட்டுல. பட்டு இருக்குதில்ல."

"அவசரம்னா?"

"போன் பண்ணா வாட்ச்மேன் போய் முதலாளிய எழுப்பி வாங்கியாருவாரு. ஒரு தபா இவளுக்குப் பல்லுவலி." பக்கத்திலிருந்த பெண்ணைக் காட்டினார். "சாவி வர்றதுக்குள்ள வலியே நின்னுட்ச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் சட்டத்தின் மேல் மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. பிறகு இன்னொரு மூலையிலிருந்து. ஒரு நிமிடத்தில் ஜன்னலைச் சுற்றி நாலா பக்கமும் புகை கசிந்து அறைக்குள் வந்தது. அப்புறம்தான் வாசனை வந்தது. கீழே முதலாளியம்மா மாடத்துக்கு முன் சாம்பிராணி போட்டிருக்கிறார்.

"எங்களுக்கும் சேத்துப் போடறாங்க போல" என்றார் பெரியக்கா. இம்முறை அவர் மட்டும்தான் சிரித்தார். அதுவும் பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

தெருவிலிருந்து ஒரு குரல் கேட்டது: "தலைல பொக வருதுபா, கடை தலைல." எட்டிப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் அண்ணாந்து நின்றார்கள். கைப்பிடிச் சுவரின் நீளம் முழுவதும் வெண்புகை எழுந்து, காற்றில்லாததால் எங்கேயும் போகாமல், கடையின் மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அந்தி வெளிச்சத்தில் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இறங்கியபோது முதலாளியின் முகம் மாறியிருந்தது. பெரிய நாளுக்கு முன்னால் கடை தலையில் புகை வந்ததைத் தெருவே பார்த்துவிட்டது என்பதுதான் அவரை உலுக்கியது. எனக்கு அது போதும். நடப்பதைச் சொன்னேன்: சாம்பிராணிப் புகை போன வழியில்தான் விளக்கின் சூடும் போகிறது, வழி நெடுக தெர்மாகோல், வெயில் காய்ந்த சுவர் இரவெல்லாம் காற்றை மேலே இழுக்கும், விளக்கு இரவெல்லாம் எரியும், மேலே ஆறு பேர் பூட்டிய கிரில்லுக்குப் பின்னால் தூங்குவார்கள்.

"விளக்க அணைச்சிடலாம்மா" என்று முதலாளி மனைவியைப் பார்த்தார்.

"வேண்டிக்கினு ஏத்தின விளக்க நானே மலையேத்தறதா?" என்றார் அவர். குரல் உயரவில்லை. "அணைக்கமாட்டேன். விளக்கு வச்ச பொறவு நெருப்ப எடத்த உட்டும் எடுக்கமாட்டாங்க. விடியட்டும். வேற விளக்குல சேத்து உள்ள கொண்டாந்துடறேன். ஒரு ராத்திரிதான்."

ஒரு இரவுதான். மூன்றாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன்.

முசரவாக்கத்துக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். முதலாளியம்மா அகலை மாடத்துக்குள்ளேயே ஒரு சாண் முன்னால் நகர்த்தினார். முசரவாக்கத்துக்காரர் கையை உள்ளே விட்டு, செங்கல் துண்டை ஓட்டையில் செருகி, குழைத்த மண்ணை அப்பி அடைத்தார். கையை எடுத்தார். எல்லோரும் சுடரைப் பார்த்தோம்.

அது சாய்ந்தே இருந்தது.

"அடச்சிட்டேன் மேடம். வேற எங்க போவும்?" என்றார். பூக்காரம்மாவிடம் ஒரு ஊதுவத்தி வாங்கி, மாடத்தின் பின்மூலையில் காட்டினேன். புகை நூல் போல நேராகப் போய்க் கல்லுக்கும் பழைய சுவருக்கும் நடுவே நுழைந்தது. அங்கே மண்ணை அப்பினார். அடுத்த மூலையில் நுழைந்தது. அதையும் அடைத்தார். நான்கு மூலையும் முடிந்த பிறகு சுடர் கொஞ்சம் நிமிர்ந்தது. முழுக்க நிமிரவில்லை. பின்பக்கக் கல்லே ஒழுங்காக உட்காரவில்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. கையிலிருந்த மண்ணைத் துடைக்காமல் நின்றார்.

"காலைல பேனல கழட்டிப் பாத்துடலாம்" என்றார் முதலாளி.

"பாக்கலாம்" என்றேன். "ஆனா இன்னிக்கி அவங்க மேல படுக்கக் கூடாது."

"வேற எங்க படுப்பாங்க?"

"இங்கதான். இந்த மெத்தையில." புடவை காட்டுவதற்காகக் கூடம் முழுவதும் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையைக் காட்டினேன். "ஷட்டர் பாதி தூக்கியிருக்கட்டும். வாட்ச்மேன் வெளிய உக்காந்திருக்கட்டும்."

அவர் சுற்றிலும் அலமாரிகளைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்காக வந்திறங்கிய சரக்கு கூரை வரை அடுக்கியிருந்தது. அந்தக் கடையில் இரவில் யாரையும் சரக்கோடு விட்டதில்லை. சொந்தத் தம்பியைக்கூட. "சரக்கு இருக்குதும்மா" என்று இழுத்தார்.

பெரியக்கா படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தார். எப்போது இறங்கினார் என்று நான் கவனிக்கவில்லை. "அந்தச் சரக்கப் பிரிச்சி மடிக்கறதே நாங்கதான மொதலாளி" என்றார். "பகல்ல கண்ணுக்குத் தெரியாத களவாணிங்க ராத்திரியிலதான் தெரிவோமா?"

முதலாளி மாடத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி அலமாரிகளைப் பார்த்தார். அவர் முடியாது என்றால் அடுத்து நான் என்ன செய்வது என்று என்னிடம் எந்த யோசனையும் இல்லை. கட்டடம் அவருடையது, பூட்டு அவருடையது.

முதலாளியம்மாதான் முடித்து வைத்தார். "படுக்கட்டும். விளக்குக்கு எண்ணெ ஊத்தவும் ஒரு ஆளு வேணுமில்ல. நான் வூட்லேந்து எத்தினி தபா வருவேன்?"

பெண்கள் பாயும் தலையணையுமாக இறங்கி வந்தார்கள். பல்லுவலிப் பெண் மெத்தையில் உட்கார்ந்து விரிப்பைத் தடவிப் பார்த்தாள். "பட்டுக்கு நடுவுல படுக்கக் குடுத்து வச்சிருக்குதுக்கா" என்றாள். பெரியக்கா அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆறு பேரையும் எண்ணிக்கொண்டிருந்தார். மாடியில் யாரும் இல்லை என்று ஒரு முறை தானே ஏறிப் பார்த்துவிட்டும் வந்தார். நானும் அன்று வீட்டுக்குப் போகவில்லை. கணவருக்குப் போன் செய்து சொன்னேன். முறை வைத்து விழித்திருப்பதாக ஏற்பாடு. கடைசியில் யாரும் சரியாகத் தூங்கவில்லை என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக மாடத்துக்கு மேலிருந்த பேனலைக் கழற்றினோம். அதற்குச் சற்று முன்பு முதலாளியம்மா தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து, சுடரிலிருந்து திரியைப் பற்றவைத்துக் குத்துவிளக்கில் சேர்த்து உள்ளே எடுத்துப்போயிருந்தார். முசரவாக்கத்துக்காரர் ஏணியில் நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நான் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பேனல் விட்டு வந்ததும் எரிந்த பிளாஸ்டிக்கின் வீச்சம் தெருவில் இறங்கியது.

உள்ளே தெர்மாகோல் இல்லை. மாடத்திலிருந்து மேலாக ஓர் ஆள் உயரத்துக்கு அது உருகிச் சுருங்கி ஒதுங்கியிருந்தது. நடுவில் ஒரு கறுத்த பாதை, மேலே போகப் போக ஒடுங்கி, அடுத்த பேனலுக்குள் நுழைந்து மறைந்தது. கழற்றிய பேனலைத் திருப்பினேன். அதன் உள்தகடு ஓரிடத்தில் கொப்பளித்து வெடித்திருந்தது. வெடிப்பின் வழியே, பேனலின் இரண்டு தகட்டுக்கும் நடுவிலிருந்த பிளாஸ்டிக் கசிந்து, துளியாகத் தொங்கியபடி இறுகியிருந்தது.

முதலாளி அந்தத் துளியை விரலால் தொட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி, பெரியக்காவிடம், மேலே இருக்கிற அவர்களுடைய பெட்டிகளையும் எடுத்து வந்துவிடச் சொன்னார். கிரில் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

"இன்னும் எத்தினிய கழட்டணும் மேடம்?" என்று ஏணியிலிருந்து கேட்டார் முசரவாக்கத்துக்காரர்.

"எல்லாத்தையும்" என்றேன். வெயில் இன்னும் தெருவுக்கு வரவில்லை. ஏணியை இரண்டு பேருமாகத் தூக்கி, அடுத்த பேனலுக்கு அடியில் வைத்தோம்.